பன்றி வேட்டைக்குத் தடை போட்ட வேட்டைக்கார மாநிலம்: மிசூரியின் பொதுநிலங்கள் குறித்த நிகழ்வு ஆய்வு

அமெரிக்காவின் நடுப்பகுதியிலுள்ள மிசூரி மாநிலத்தில் 2016 செப்டம்பர் 30 முதல் ஒரு விதி நடைமுறைக்கு வந்தது. மாநில வனவுயிர்ப் பாதுகாப்புத் துறையின் பொறுப்பிலுள்ள நிலங்களில் பொதுமக்கள் எவரும் காட்டேறிய பன்றிகளை வேட்டையாடக் கூடாது. பன்றியையோ அது கிண்டிய தடத்தையோ கண்டால் துறைக்குத் தகவல் தர வேண்டும். பன்றிகளைக் காப்பாற்றுவதற்காக இந்த விதி வரவில்லை. மாநிலத்தில் ஒரு பன்றிகூட மிஞ்சக் கூடாது என்ற நோக்கத்தோடுதான் வந்தது. ஒழித்தே தீர வேண்டிய விலங்கு என்று ஒரு கையால் எழுதிவிட்டு, அதைச் சுடாதே என்று மறுகையால் எழுதினால் யாருக்கும் குழப்பம் வரும். மிசூரி வேட்டைக்காரர்களுக்கு வந்தது குழப்பம் மட்டுமல்ல, கோபமும்தான். அந்த விதியின் பின்னணி என்ன, அதற்குச் சொல்லப்பட்ட காரணங்களில் எது வலுவானது, எது வலுவற்றது, விளைவை எப்படி அளப்பது ஆகியவற்றை இங்கே பார்க்கலாம்.

முதலில் சொல்லைப் பற்றி ஒரு விளக்கம். தமிழில் காட்டுப்பன்றி என்றால் இந்த மண்ணிலேயே தோன்றி, காட்டின் உணவுச் சங்கிலியில் தனக்கென ஓர் இடமுள்ள விலங்கு நம் நினைவுக்கு வரும். சிறுத்தையும் செந்நாயும் அதைத் தின்னும். அமெரிக்காவில் அப்படியில்லை. அந்தக் கண்டத்தில் பன்றி இயற்கையாக இருந்ததே கிடையாது. ஸ்பானியப் படைத்தலைவர் எர்னாண்டோ டி சோட்டோ 1539இல் ஃபுளோரிடாவில் இறங்கியபோது நடமாடும் உணவுக் கிடங்காகப் பன்றிகளையும் ஓட்டிவந்தார். பிற்பாடு குடியேறிய விவசாயிகள் வளர்த்தவை தப்பிக் காடேறின. 1912இல் வட கரோலினாவின் ஹூப்பர் பால்டு மலையில் ஒரு செல்வந்தர் வேட்டைப் பண்ணை அமைத்து ஐரோப்பியக் காட்டுப்பன்றிகளை இறக்குமதி செய்தார்; சில ஆண்டுகளில் அவை வேலியை உடைத்துக்கொண்டு வெளியேறின. வீட்டுப் பன்றியும் ஐரோப்பியப் பன்றியும் கலந்து பிறந்த சந்ததிதான் இன்று அங்கே காட்டில் திரிவது. அமெரிக்க வேளாண்மைத் துறையின் மதிப்பீட்டில் நாடு முழுவதும் சுமார் 60 லட்சம் பன்றிகள், குறைந்தது 35 மாநிலங்களில் இருக்கின்றன. ஆகவே இக்கட்டுரையில் பன்றி என்று வருமிடமெல்லாம் காட்டேறிய பன்றி என்றே பொருள் கொள்ள வேண்டும்.

மிசூரி வேட்டைக்கு எதிரான மாநிலமல்ல. அதன் பாதுகாப்புத் துறையே வேட்டைக்காரர்களும் மீன்பிடிப்போரும் முன்னின்று நடத்திய இயக்கத்தின் பலனாக, 1936இல் மக்கள் வாக்கெடுப்பின் வழியே மாநில அரசியலமைப்பில் சேர்க்கப்பட்டது. 1976இல் இன்னொரு வாக்கெடுப்பின் மூலம், விற்பனை வரியில் 1 சதவீதத்தின் எட்டில் ஒரு பங்கு அத்துறைக்கென்றே ஒதுக்கப்பட்டது. மானும் வான்கோழியும் அருகிப்போயிருந்த காடுகளில் அவற்றை மீண்டும் பெருக்கிக் காட்டியதில் அத்துறைக்குப் பெரும் பெயர் உண்டு. நவம்பரில் துப்பாக்கி மான் வேட்டைக் காலம் தொடங்கும் சனிக்கிழமை, கிராமப்புற மிசூரியில் ஏறக்குறைய ஒரு பண்டிகை நாள். அப்படிப்பட்ட துறைதான் பன்றி வேட்டை வேண்டாம் என்றது. வேட்டையையே பாவமாகக் கருதும் ஒருவர் அதைச் சொல்லியிருந்தால் யாரும் பொருட்படுத்தியிருக்கப் போவதில்லை. தம்மவரே சொன்னதுதான் உறுத்தியது.

பன்றிகள் எப்படி வந்தன

தெற்கு மிசூரியின் ஓசார்க் மலைப்பகுதியில் பன்றிகளைக் காட்டில் மேயவிடும் வழக்கம் நெடுங்காலம் இருந்தது. காது நுனியில் குடும்பத்துக்குக் குடும்பம் வெவ்வேறு வகையாக வெட்டுக்குறி போட்டு அவிழ்த்துவிடுவார்கள். இலையுதிர் காலத்தில் ஓக் மரக் கொட்டைகளைத் தின்று கொழுத்தவற்றைப் பிடித்துவந்து குளிர்காலத்துக்கு உப்பிட்டு வைப்பார்கள். கால்நடைகளைக் கட்டவிழ்த்து மேயவிடும் உரிமை இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியைத் தாண்டிய பிறகே அங்கு முற்றாக முடிவுக்கு வந்தது. எனவே காட்டில் பன்றி திரிவது அப்பகுதியின் முதியவர்களுக்குப் புதிதல்ல. பின்னால் எழுந்த எதிர்ப்பின் வேர் இந்த நினைவிலும் இருக்கிறது என்பதை மறந்துவிடக் கூடாது.

ஆனால் இன்றைய சிக்கல் அந்தப் பழைய பன்றிகளால் வந்ததல்ல. 1990களில் பன்றி வேட்டை ஒரு பொழுதுபோக்காகப் பரவியபோது, தம் ஊருக்குப் பக்கத்திலேயே வேட்டை வேண்டும் என்று நினைத்தவர்கள் வேறிடங்களிலிருந்து பன்றிகளை ட்ரெய்லரில் ஏற்றிவந்து இரவோடிரவாகப் பொதுநிலங்களில் திறந்துவிட்டார்கள். வேட்டைப் பண்ணைகளிலிருந்து தப்பியவையும் அவற்றோடு சேர்ந்தன. ஒரு கவுன்டியில் (நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பிரிவு) பன்றி இருந்து, இடையில் இரண்டு கவுன்டிகளில் தடமே இல்லாமல், நான்காவதில் திடீரென்று முளைத்தால் அது நடந்துவந்த பன்றியாக இருக்க வாய்ப்பில்லை. பொதுநிலத்திலோ வேலியில்லாத தனியார் நிலத்திலோ பன்றியை அவிழ்த்துவிடுவது மிசூரிச் சட்டப்படி குற்றம். ஒவ்வொரு பன்றியும் தனித்தனிக் குற்றமாகக் கணக்கிடப்படும். என்றாலும் நள்ளிரவில் வனப்பாதையில் ட்ரெய்லரின் பின்கதவைத் திறக்கும் கையைப் பிடிப்பது எளிதல்ல.

டென்னசி மாநிலத்தின் அனுபவம் இதைத் தெளிவாகக் காட்டுகிறது. அங்கே பல பத்தாண்டுகளாகச் சுமார் 15 கவுன்டிகளில் மட்டுமே பன்றிகள் இருந்தன. அவற்றைக் கட்டுப்படுத்த நினைத்த மாநில வனவுயிர் அமைப்பு 1999இல் மாநிலம் முழுவதும் எல்லையற்ற வேட்டைக்கு அனுமதி அளித்தது. எத்தனை வேண்டுமானாலும் சுடலாம். 2011இல் பார்த்தபோது மொத்தமுள்ள 95 கவுன்டிகளில் ஏறத்தாழ 80இல் பன்றிகள் இருந்தன. வேட்டை திறந்துவிடப்பட்ட அந்தக் காலத்தில்தான் பன்றிகள் அதிகமாகப் பரவின என்றும், உள்ளூர் வேட்டைக்காகச் சட்டவிரோதமாகக் கொண்டுவந்து விடப்பட்டவையே அதற்குக் காரணம் என்றும் அந்த அமைப்பே பிற்பாடு எழுதிவைத்தது. 2011இல் பன்றியை வேட்டை விலங்குப் பட்டியலிலிருந்து நீக்கி, நில உரிமையாளர்களுக்குத் தாராளமான அனுமதிகளைக் கொடுத்துவிட்டு, விளையாட்டு வேட்டையை முடிவுக்குக் கொண்டுவந்தது. மிசூரியின் மேற்கு அண்டை மாநிலமான கான்சஸ் இன்னும் முந்திக்கொண்டு, பன்றிகள் குறைவாக இருந்த 2006லேயே விளையாட்டுக்காகப் பன்றி வேட்டையாடுவதைச் சட்டத்தால் தடைசெய்துவிட்டது.

எனவே மிசூரி அதிகாரிகள் முடிவெடுத்தபோது அவர்களுக்கு முன்னால் இரண்டு அண்டை மாநிலங்களின் பாடம் இருந்தது. மிசூரித் துறையே முந்தைய ஆண்டுகளில், பன்றியைக் கண்டால் சுட்டுவிடுங்கள் என்று வேட்டைக்காரர்களை ஊக்குவித்து வந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அந்த அறிவுரை பலன் தரவில்லை என்று தெரிந்த பிறகுதான் அது தலைகீழாக மாறியது. அரசுத் துறை ஒன்று தன் அறிவுரை தவறென்று ஒப்புக்கொள்வது அரிது. ஒப்புக்கொண்டால் மக்கள் பாராட்டுவதும் அரிது.

பொதுநிலம் என்பது எது

மிசூரியின் நிலப்பரப்பில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தனியாருடையது. மிச்சமுள்ள பொதுநிலத்தின் பெரும்பகுதி தெற்கே ஓசார்க்கில் குவிந்துள்ளது. மாநிலத் துறை நிர்வகிக்கும் நிலம் ஏறத்தாழ 10 லட்சம் ஏக்கர். மத்திய வனத்துறையின் கீழுள்ள மார்க் ட்வைன் தேசிய வனம் சுமார் 15 லட்சம் ஏக்கர். 29 கவுன்டிகளில், தனியார் நிலங்களோடு பின்னிப்பிணைந்து துண்டுதுண்டாகக் கிடக்கிறது. ராணுவப் பொறியாளர் பிரிவின் நீர்த்தேக்கக் கரைகளும் உண்டு. எல்-ஏ-டி அறக்கட்டளையின் காடு தனியாருடையது என்றாலும் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. பன்றிக்கு இந்த எல்லைகள் தெரியாது. ஆகவே ஒரு துறை மட்டும் விதி போட்டால் பயனில்லை என்று, 2016இல் மாநில, மத்தியத் துறைகளும் விவசாயச் சங்கங்களும் அறக்கட்டளைகளும் சேர்ந்து பத்துக்கும் மேற்பட்ட உறுப்பினர்களுடன் பன்றி ஒழிப்புக் கூட்டணி ஒன்றை அமைத்தன. 2017இல் ராணுவப் பொறியாளர் பிரிவும் அந்த அறக்கட்டளையும் தம் நிலங்களில் அதே தடையைக் கொண்டுவந்தன. மார்க் ட்வைன் வனம் மட்டும் 2019 இறுதி வரை விலகி நின்றது.

பன்றி அப்படி என்னதான் செய்கிறது? ரெனால்ட்ஸ் கவுன்டியில் கிராஸ்ஹாப்பர் ஹாலோ என்ற இடத்தில் ஊற்றுநீரால் நனைந்தே கிடக்கும் சதுப்புநிலத் தொகுதி ஒன்று உண்டு. இத்தகைய ஓசார்க் சதுப்புகளில்தான் ஹைன் மரகதத் தட்டான் என்னும், மத்திய அரசின் அழிவாபத்துப் பட்டியலிலுள்ள தட்டான் முட்டையிடுகிறது. அதன் இளம்பருவம் நாலைந்து ஆண்டுகள் சேற்றுக்குள், கிரேஃபிஷ் எனப்படும் இறால் போன்ற நன்னீர் உயிரிகளின் வளைகளில் கழிகிறது. ஒரு பன்றிக் கூட்டம் ஓரிரவு அங்கே இறங்கினால் போதும்: மூக்கால் ஒரு முழ ஆழத்துக்குப் புரட்டிப் போட்ட மண், வேரோடு கவிழ்ந்த கோரைகள், குளம்புக் குழிகளில் தேங்கிய கலங்கல் நீர் ஆகியவைதான் காலையில் மிஞ்சும். கலப்பை பிடித்தவன்கூட வரிசையாக உழுவான். பன்றி உழுத இடத்தில் வரிசையும் இருக்காது, விதைக்க மண்ணும் இருக்காது. வைக்கோல் வெட்டும் புல்வெளியில் இது நடந்தால் விவசாயியின் இயந்திரம் அடுத்த பருவத்தில் அந்த நிலத்தில் ஓடாது. ஓக் கொட்டைக்கு மானோடும் வான்கோழியோடும் போட்டி போடுவது, தரையில் முட்டையிடும் பறவைகளின் கூடுகளைச் சூறையாடுவது, வீட்டுப் பன்றிகளுக்கும் மனிதருக்கும் தொற்றக்கூடிய புருசெல்லா நோயைச் சுமப்பது எல்லாம் இதற்கு மேல்.

கணக்கும் பொறியும்

தடைக்குச் சொல்லப்பட்ட காரணங்கள் மூன்று. வேட்டைக்காரர் சுட்டால் கூட்டம் சிதறிப் புதிய இடங்களுக்குப் போகிறது என்பது ஒன்று. எத்தனை சுட்டாலும் இனப்பெருக்கத்தை எட்டிப்பிடிக்க முடியாது என்பது இன்னொன்று. வேட்டை இருக்கும்வரை பன்றியைக் கொண்டுவந்து விடுபவர்களும் இருப்பார்கள் என்பது மூன்றாவது. துறையின் பிரசுரங்களில் முதல் காரணம் முன்னால் நிற்கிறது. என் பார்வையில் அது மூன்றிலும் வலுக்குறைந்தது. வேட்டைநாய் துரத்திய பன்றி ஓடும் என்பது உண்மை. ஆனால் பல கூட்டங்கள் சில நாட்களில் பழைய இடத்துக்கே திரும்பிவிடுகின்றன. பன்றிக்கூட்டம் என்பது தாய், மகள், தங்கை, குட்டிகள் சேர்ந்த குடும்பம். தம் வட்டாரத்தை அவ்வளவு எளிதில் விடாது. இரண்டாவதும் மூன்றாவதும்தான் உண்மையான காரணங்கள்.

இரண்டாவதைக் கணக்காகவே போட்டுப் பார்க்கலாம். பெண் பன்றி ஆறெட்டு மாதத்திலேயே பருவமடையும். சினைக்காலம் சுமார் 115 நாள். ஓர் ஈற்றில் சராசரியாக நாலு முதல் ஆறு குட்டி. ஆண்டில் ஓர் ஈற்றுக்கு மேலும் போகும். ஒரு காட்டில் 100 பன்றிகள், அவற்றில் 40 குட்டிபோடும் பெண் பன்றிகள், ஒவ்வொன்றுக்கும் ஆண்டுக்கு நாலு குட்டி பிழைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 160 புதிது, மொத்தம் 260. மறுபடி 100க்குக் கொண்டுவர 160ஐ நீக்க வேண்டும். அதாவது நூற்றுக்குச் சுமார் 62 பங்கு. இது எடுத்துக்காட்டுக் கணக்குதான். ஆனால் ஆய்வுகள் சொல்வதும் இதை ஒட்டியே இருக்கிறது. டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தின் 2012ஆம் ஆண்டு மதிப்பீட்டில், தொகை கூடாமல் நிற்கவே ஆண்டுக்கு 66 சதவீதம் நீக்க வேண்டும். வேட்டை, பொறி என எல்லா வழியிலும் சேர்த்து டெக்சாஸில் நீக்கப்பட்டதோ 29 சதவீதம். துப்பாக்கியோடு சனி, ஞாயிறில் காட்டுக்கு வருபவர் பன்னிரண்டு பன்றியுள்ள கூட்டத்தில் இரண்டைச் சுட்டால் அவருக்கு அது நல்ல நாள். மிச்சம் பத்து அன்றைக்கு ஒரு பாடம் கற்றுக்கொண்டு போகும்.

அந்தப் பாடம்தான் பொறி வைப்பவருக்குத் தலைவலி. கூட்டணி முதன்மையாக நம்பியது பெரிய வட்ட அடைப்புப் பொறியை. கனத்த கம்பிச் சட்டங்களைக் காட்டுக்குள் வட்டமாக நிறுத்தி, இரும்புக் கம்பங்களால் இறுக்கி, ஒரு பக்கம் மேலிருந்து விழும் கதவை வைக்கிறார்கள். கதவை உடனே பூட்டுவதில்லை. முதலில் நடுவில் மக்காச்சோளத்தைக் கொட்டி, மரத்தில் அசைவறிந்து படமெடுக்கும் கேமராவைக் கட்டிவிட்டுப் போய்விடுவார்கள். முதல் நாலைந்து இரவு தாய்ப்பன்றிகள் வேலிக்கு வெளியே முகர்ந்துகொண்டே நிற்கும்; குட்டிகள்தான் முதலில் உள்ளே ஓடும். ஒருவாரம், பத்துநாள் கழித்து எல்லாம் பழகிவிடும். ஊழியர் வீட்டில் படுத்தபடி கைபேசியில் வரும் படத்தைப் பார்த்து எண்ணுவார்: பன்னிரண்டு வர வேண்டிய இடத்தில் பதினொன்றுதான் உள்ளே. கதவை விடமாட்டார். வெளியே நிற்கும் அந்தக் கிழத் தாய்ப்பன்றி உள்ளே வரும்வரை இன்னும் மூன்று இரவு காத்திருப்பார். பதினொன்றைப் பிடித்துப் பன்னிரண்டாவதை விட்டால், அது வாழ்நாள் முழுதும் கம்பி வேலியின் பக்கமே வராது. அதன் குட்டிகளுக்கும் அதே அச்சத்தைக் கற்றுக்கொடுக்கும்.

இந்தக் காத்திருப்பு நடக்கும் ஒன்பதாம் இரவில், அரை மைல் தொலைவில் யாரோ நாயோடு வந்து கூட்டத்தைக் கலைத்துவிட்டால் ஒன்பது இரவு வேலையும் வீண். துறையின் சிதறல் வாதம் பரந்த அளவில் வலுவற்றதாக இருந்தாலும், இந்தச் சிறிய அளவில், பொறியைச் சுற்றியுள்ள காட்டில், அது முற்றிலும் சரி. துறை தன் பிரசுரங்களில் இந்தக் காட்சியை விளக்கியிருந்தால் பாதி வாக்குவாதம் குறைந்திருக்கும் என்று தோன்றுகிறது.

வாலுக்கு விலை

வேட்டைக்காரர்களுக்குப் பணம் கொடுத்தால் 66 சதவீதத்தை எட்டிவிடலாமே என்ற கேள்வி அடிக்கடி எழுகிறது. அதற்கும் ஒரு சோதனை உண்டு. ஜார்ஜியா மாநிலத்தின் ஃபோர்ட் பென்னிங் ராணுவத் தளத்தில், அனுமதி பெற்ற வேட்டைக்காரர்கள் நுழையக்கூடிய பரந்த காட்டில், 2007 ஜூனில் ஒரு பன்றி வாலுக்கு 40 டாலர் என்று அறிவித்தார்கள். 2008 பிப்ரவரிக்குள் 1,138 வால்கள் வந்துசேர்ந்தன. நிர்வாகச் செலவும் சேர்த்து 57,296 டாலர் செலவானது. முன்னும் பின்னும் தொகையை மதிப்பிட்ட ஆபர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்டது, பன்றிகள் குறையவில்லை, கூடியிருந்தன என்பது. வேட்டைக்காரர் வைத்த இரைத்தீனி, சுடப்பட்டவற்றைவிடப் பிழைத்தவற்றுக்கே அதிகம் போய்ச்சேர்ந்திருக்கக்கூடும். பெரிய கொம்புப்பல் ஆண் பன்றியைத் தேடும் வேட்டை மனம், தொகையைத் தீர்மானிக்கும் பெண் பன்றியைத் தேடுவதில்லை என்பதும் உண்டு. வாலைப் பார்த்து அந்தப் பன்றி எந்த நிலத்தில் செத்தது என்றும் சொல்ல முடியாது. கசாப்புக் கடைப் பன்றிக்கும் வால் இருக்கிறது.

பணம் கொடுப்பதன் ஆழமான கேடு வேறு. பன்றிக்கு விலை வைத்தால் பன்றி சொத்தாகிவிடும். சொத்தை எவரும் ஒழிக்க விரும்பமாட்டார்கள். விலை டாலராக இருந்தாலும் வேட்டையின் இன்பமாக இருந்தாலும் இது ஒன்றுதான். மிசூரித் தடையின் உள்ளார்ந்த நியாயமாக நான் காண்பது இதைத்தான். சுடுகிறவரில் பெரும்பாலானோர் ஒரு பன்றியைக்கூடக் கொண்டுவந்து விட்டதில்லை. ஆனால் அவர்களுடைய நேர்மையான வேட்டை அனுமதிக்கப்படும்வரை, கொண்டுவந்து விடும் சிலருக்கு வாடிக்கையாளர்களும் மறைவிடமும் கிடைத்துக்கொண்டே இருக்கும். நாயும் துப்பாக்கியுமாகக் காட்டில் நிற்பவரைக் காவலர் நிறுத்தினால், பன்றி வேட்டைக்கு வந்தேன் என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம். தடை வந்தபின் அந்தப் பதில் செல்லாது.

மார்க் ட்வைன் வனத்தின் சமரசம்

2019இல் மத்திய வனத்துறை மார்க் ட்வைன் வனத்திலும் தடை கொண்டுவரப்போவதாக அறிவித்துப் பொதுமக்களின் கருத்தைக் கேட்டபோது ஓசார்க் ஊர்களில் எதிர்ப்பு வலுத்தது. எதிர்த்தவர்களின் வாதங்களை மூடத்தனம் என்று தள்ளிவிட முடியாது. இது எங்கள் வரியில் நடக்கும் காடு, எங்கள் தாத்தா காலத்திலிருந்து இங்கே பன்றி பிடித்து உண்கிறோம் என்றார்கள். அரசு ஊழியர் ஹெலிகாப்டரிலிருந்து சுட்டுத்தள்ளிய பன்றிகள் விழுந்த இடத்திலேயே அழுகுகின்றன, அவற்றின் இறைச்சி எத்தனை குடும்பங்களுக்கு ஆகியிருக்கும் என்றார்கள். ஆயிரக்கணக்கான துப்பாக்கிகள் செய்யாத வேலையைச் சில பத்து ஊழியர்கள் செய்வார்களா என்றும் கேட்டார்கள். ஹெலிகாப்டர் பற்றிய குறை உண்மையானது. இலைகள் உதிர்ந்து காடு திறந்து கிடக்கும் குளிர்கால வாரங்களில் வானிலிருந்து சுடுவது, பொறிக்கு வராத பன்றிகளை எட்டும் வழி. ஆனால் கரடுமுரடான பள்ளத்தில் விழுந்த உடலை எடுத்துவருவது பெரும்பாலும் நடவாத காரியம். நோய்த்தொற்று அபாயம், இறைச்சிப் பரிசோதனை விதிகள் என்று துறை சொன்ன பதில் சட்டப்படி சரி. பசியைப் பற்றிப் பேசுகிறவரிடம் விதியைக் காட்டுவது எவ்வளவு தூரம் எடுபடும் என்பது வேறு.

2019 இறுதியில் வெளியான ஆணையில் ஒரு சமரசம் இருந்தது. மார்க் ட்வைன் வனத்தில் பன்றிக்கென்றே வேட்டைக்குப் போகக் கூடாது. ஆனால் மான் அல்லது வான்கோழி வேட்டைக் காலத்தில், செல்லுபடியாகும், இன்னும் பயன்படுத்தப்படாத அனுமதிச்சீட்டோடு காட்டில் இருப்பவர், எதிர்ப்படும் பன்றியை அந்தக் காலத்துக்குரிய ஆயுதத்தால் சுடலாம். மானைச் சுட்டுச் சீட்டைப் பயன்படுத்திவிட்டவருக்கு இந்த உரிமை இல்லை. மேலோட்டமாகப் பார்த்தால் இது எதிர்ப்பாளர்களைத் தணிக்கப் போட்ட ஓட்டை. உற்றுப் பார்த்தால் தடையின் நியாயத்தோடு ஒட்டியே நிற்கிறது: மானுக்காக வந்தவர் பன்றியைக் கொண்டுவந்து விடமாட்டார், நாய்க் கூட்டத்தோடும் வரமாட்டார். பொறிக்கு இடைஞ்சல் சிலநேரம் நேரலாம். ஆனால் பன்றி வேட்டை என்ற தொழிலும் பண்பாடும் அந்த ஓட்டை வழியே திரும்பி வராது. இந்த ஆணையை வரைந்தவர்கள் மூன்று காரணங்களில் எது உண்மையில் முக்கியம் என்பதைப் புரிந்தே வரைந்திருக்கிறார்கள் என்று நினைக்கிறேன்.

எண்கள் சொல்வதும் சொல்லாததும்

கூட்டணி வெளியிட்ட எண்ணிக்கைப்படி 2018இல் 9,365 பன்றிகளும், 2019இல் 10,495, 2020இல் 12,635, 2021இல் 9,857 பன்றிகளும் நீக்கப்பட்டன. தடையின் ஆதரவாளர் 2020ஆம் ஆண்டின் உச்சத்தைக் காட்டி, பார்த்தீர்களா, வேட்டைக்காரர் விலகியதும் வேலை வேகமெடுத்தது என்பார். எதிர்ப்பாளர் அதே எண்ணைக் காட்டி, தடைக்குப் பிறகு பன்றி பெருகியதால்தான் அதிகம் சிக்கின என்பார். எண் இருவருக்கும் ஒத்துழைக்கும். நீக்கப்பட்ட தலைகளை எண்ணுவதில் உள்ள பழைய சிக்கல் இது: காட்டில் எத்தனை மிஞ்சின என்று அது சொல்லாது. 2021இல் இறங்கியதும் முயற்சி குறைந்ததாலா, பன்றி குறைந்ததாலா என்று அந்த எண்ணை மட்டும் வைத்துச் சொல்ல இயலாது.

ஆகவேதான் கூட்டணி நீர்ப்பிடிப்புப் பகுதிகளை அலகாக வைத்துக்கொண்டது. மாநிலத்தைச் சிற்றோடை வடிநிலங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் பன்றி இருக்கிறதா இல்லையா என்று மட்டும் பார்ப்பது. கேமராவும் தடமும் இரைச்சோதனையும் வெறுமையாக வந்தபின், தொடர்ந்து கண்காணித்து, அந்தப் பகுதியைப் பன்றியற்றது என்று அறிவிப்பது. இந்த அளவுகோலில் மிசூரியின் வரைபடம் ஆண்டுக்காண்டு ஓரங்களிலிருந்து வெளுத்துக்கொண்டே வந்து, எஞ்சிய பன்றிகள் ஓசார்க்கின் மையத்திலுள்ள பெரிய பொதுநிலங்களில் ஒடுங்கின. தலையெண்ணிக்கையைவிட நம்பத்தக்க சான்று இது.

அந்த வெற்றியைத் தடையின் கணக்கில் மட்டும் எழுதுவது நேர்மையாகாது. 2014இல் தேசியப் பன்றிச் சேதத் தடுப்புத் திட்டம் ஆண்டுக்கு 2 கோடி டாலர் நிதியோடு தொடங்கியது. 2018ஆம் ஆண்டு மத்திய வேளாண் சட்டம் பன்றி ஒழிப்பு முன்னோடித் திட்டங்களுக்கு 7.5 கோடி டாலர் ஒதுக்கியது. மிசூரியும் அதில் பங்கு பெற்றது. பொறி வைக்கக் கூடுதல் ஊழியர்கள், கூடுதல் பொறிகள், ஹெலிகாப்டர் நேரம் எல்லாம் அந்தப் பணத்தில் வந்தவை. தடை, நிதி, கூட்டணி மூன்றும் ஏறக்குறைய ஒரே காலத்தில் வந்ததால் எதன் பங்கு எவ்வளவு என்று பிரித்தெடுக்க வழியில்லை. நிதியில்லாமல் தடை மட்டும் போட்டிருந்தால் பன்றி பெருகியிருக்கும் என்பதில் மட்டும் எனக்கு ஐயமில்லை. சுடுவதையும் நிறுத்திவிட்டுப் பிடிப்பதற்கும் ஆளில்லாமல் விடுவது இரண்டும் கெட்டான் நிலை.

தடை எல்லா இடத்துக்கும் பொருந்தும் மருந்துமல்ல. கிரேட் ஸ்மோக்கி மலைத் தேசியப் பூங்காவில் பொதுமக்கள் வேட்டை எப்போதும் இருந்ததில்லை. 1959இலிருந்து பூங்கா ஊழியர்களே 13,000க்கு மேற்பட்ட பன்றிகளை நீக்கியும் பன்றி இன்னும் அங்கே இருக்கிறது. பூங்காவின் எல்லைக்கு வெளியே இனம் பெருகிக்கொண்டிருக்க, உள்ளே மட்டும் நீக்குவது ஓட்டைக் குடத்தில் நீர் இறைப்பது. டெக்சாஸில் பன்றிகள் மாநிலத்தின் ஏறக்குறைய எல்லாக் கவுன்டிகளிலும் நிறைந்துவிட்டன. அங்கே 2019 முதல் தனியார் நிலத்தில் உரிமையாளரின் ஒப்புதலோடு பன்றி சுட உரிமமே தேவையில்லை; பொதுநிலத்தில் மட்டும் உரிமம் வேண்டும். இனி ஒழிக்க முடியாது, குறைத்து வைத்திருந்தால் போதும் என்ற நிலைக்கு வந்துவிட்ட மாநிலம் வேட்டைக்காரரைத் துரத்துவதில் பொருளில்லை. மிசூரி அந்த நிலைக்கு வருமுன் விழித்துக்கொண்டது. அதனால்தான் தடைக்கு அங்கே இடமிருந்தது.

மிச்சமிருக்கும் சிக்கல் பொதுநிலத்தின் எல்லையிலேயே இருக்கிறது. மார்க் ட்வைன் வனத்துக்குள் துண்டுதுண்டாகக் கிடக்கும் தனியார் நிலங்களில் உரிமையாளர் எப்போது வேண்டுமானாலும் பன்றியைச் சுடலாம், பிறருக்கும் அனுமதி தரலாம். துறை இலவசமாகப் பொறி வைத்துக் கொடுக்கிறேன் என்று கதவைத் தட்டினால், பெரும்பாலோர் திறக்கிறார்கள். திறக்காத சிலரின் நாற்பது ஏக்கர், எண்பது ஏக்கர் நிலங்களில் பகலில் படுத்துக்கிடக்கும் கூட்டம் இருட்டியதும் வேலியில்லாத எல்லையைத் தாண்டி வனத்துக்குள் மேய வருகிறது, விடியுமுன் திரும்பிவிடுகிறது. பொறி வைத்த ஊழியரின் கைபேசியில் அவற்றின் படம் வருகிறது, எண்ணிக்கை சரியாக இருந்தால் அன்றிரவு கதவு விழுகிறது. இல்லாவிட்டால் மறுநாளும் மக்காச்சோளம் கொட்டப்படுகிறது.